காரின் டேஷ்போர்டு, விளக்கு, ஆடியோ: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, ராயபுரம், மாதவரம் பக்கம் கார் ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கடற்காற்றின் உப்பு, கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி, மழை வந்தால் தெருவில் தேங்கும் தண்ணீர் என்று இந்தப் பகுதிக்கென்று சில பாடுகள் உண்டு. டேஷ்போர்டில் தெரியும் கோளாறுகளில் கணிசமானவை இவற்றால் வருகின்றன. அதைவிட அதிகமானவற்றில் கோளாறே கிடையாது, ஏதோ ஒரு ஸ்விட்ச் இடம் மாறியிருக்கும். ஷெட்டுக்கு வண்டியை விடும் முன் நீங்களே பார்த்துவிடக்கூடியவற்றை இங்கே சொல்லியிருக்கிறோம். பட்டன் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். அதற்கு உங்கள் வண்டியின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை விளக்குகள்

சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறதே, பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று வண்டி தன்னைத்தானே சரிபார்க்கும் நேரம் அது. சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, செல்ஃப் அடிக்காமல் ஐந்து விநாடி பாருங்கள். ஏ.பி.எஸ். (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஏர்பேக் விளக்குகள் சில விநாடிகளில் தானாக அணையும். ஆயில், பேட்டரி, செக் இன்ஜின் மூன்றும் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகே அணையும்.

எரிய வேண்டிய விளக்கு அந்த ஐந்து விநாடியில் எரியாமலே இருந்தால் அதுவும் கோளாறுதான். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால், கோளாறை மறைக்க யாரோ அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

எந்த விளக்குக்கு உடனே ஓரங்கட்ட வேண்டும்?

படம் புரியாவிட்டாலும் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று ‘ஆன்’ ஆகியிருக்கிறது என்ற தகவல் மட்டுமே.

சிவப்பில் மிக அவசரமானது ஆயில் கேன் படம். அது எரிந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். “அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டினால், அந்த ஒரு கிலோமீட்டரில் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளலாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் ஆயில் ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள், டோ செய்யுங்கள்.

தெர்மாமீட்டர் படம் சிவப்பானால் இன்ஜின் சூடேறிவிட்டது. மூலக்கடை சிக்னலில் மாட்டிக்கொண்டு உடனே நிறுத்த இடமில்லை என்றால், ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். உள்ளே வெந்துபோவீர்கள், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக இறங்கும். முதல் இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

‘சிவப்பு என்றால் நிறுத்து’ என்பதற்குப் பேட்டரி படம் விதிவிலக்கு. அது சிவப்பில் எரிந்தால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் அறுந்திருக்கலாம், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். ஏ.சி., பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வழியில் எங்கும் இன்ஜினை நிறுத்தாமல் பக்கத்து ஷெட்டுக்குப் போங்கள். நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். பெல்ட் அறுந்து, கூடவே வெப்பமும் ஏறினாலோ ஸ்டீயரிங் கனத்தாலோ ஓட்டக் கூடாது.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு அணையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டேனே?

முதலில் லீவரை முழுக்க இறக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பல் மேலே நின்றாலும் எரியும். அதன் பிறகும் எரிந்தால் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மினிமம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு மறந்துபோவது ஆபத்து. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

ஏ.பி.எஸ். என்ற மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென்று அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஈரச் சாலையில் வழுக்கும். தண்ணீரில் ஓட்டிய மறுநாள் இது எரிவது சகஜம். சக்கரத்துக்கு அருகே இருக்கும் சென்சாரில் சேறோ, அதன் இணைப்பில் ஈரமோ ஏறியிருக்கும்.

செக் இன்ஜின் எரிகிறது, ஆனால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் ஸ்கேனர் போட்டுக் கோளாறு எண்ணைப் படித்துக்கொள்ளலாம். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததால்கூடச் சில வண்டிகளில் எரியும். ‘டக் டக்’ என்று சத்தம் வரும்வரை மூடியைத் திருகிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மினுக்கி மினுக்கி எரிந்தால் சமாசாரம் வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது. இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகிவிடும். வேகத்தைக் குறைத்து, நேராக ஷெட்டுக்கு ஓட்டுங்கள்.

பி.எஸ்.6 டீசல் கார். புகைக்குழாய் வடிவத்தில், உள்ளே புள்ளி புள்ளியாக ஒரு மஞ்சள் விளக்கு வருகிறது. என்ன அது?

கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்ட்டர் நிரம்பிவிட்டது. தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனை வரை ஊர்ந்து போய் ஊர்ந்து வருகிற டீசல் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும், ஏனென்றால் கரி எரியும் அளவுக்குப் புகைக்குழாய் சூடாவதில்லை. மீஞ்சூர்–வண்டலூர் வெளிவட்டச் சாலை மாதிரித் தடையில்லாத சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேல் சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். பாதியில் நிறுத்தக் கூடாது. தினமும் குறுகிய தூரமே ஓட்டுகிறவருக்கு டீசல் கார் சரியான தேர்வு அல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங்கில் உள்ள ஆடியோ பட்டன்களும் வேலை செய்யவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது. மூன்று கோளாறா?

ஒன்றுதான். ஸ்டீயரிங் அடியில் சுருள் சுருளாக ஒரு தட்டை வயர் இருக்கும், ஸ்பைரல் கேபிள் என்பார்கள். மூன்றுக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது, அது அறுந்திருக்கிறது. மாற்றும்போது ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும் என்பதால் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஏர்பேக் விளக்கு மட்டும் எரிந்தால், அண்மையில் சீட்டுக்கடியில் சுத்தம் செய்தீர்களா என்று யோசியுங்கள். அங்கே இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர் தளர்ந்திருக்கலாம். சாவி போட்டிருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

80-ஐத் தாண்டினால் ‘பீப்’ அடிக்கிறது. நிறுத்த முடியுமா?

2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் சட்டப்படி இருக்க வேண்டிய எச்சரிக்கை அது. 80-க்கு மேல் இடைவெளி விட்டும், 120-க்கு மேல் விடாமலும் ஒலிக்கும். முன்சீட் பெல்ட் ஒலியும் அதே விதியில் வந்ததுதான். பெல்ட் போடாமலே ஒலியை அடக்கக் கடையில் விற்கும் கொக்கியைச் செருகிவிட்டு ஓட்டாதீர்கள். பெல்ட் போட்ட உடலைத் தாங்கும் கணக்கில்தான் ஏர்பேக் விரிகிறது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற முகத்துக்கு அதுவே அடியாகும்.

விளக்குகள்

லைட் லீவரில் எந்தத் திருப்பு எதற்கு?

மாருதி, ஹூண்டாய், டாடா, ஹோண்டா, டொயோட்டா கார்களில் விளக்கு லீவர் வலப்பக்கமும் வைப்பர் இடப்பக்கமும் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் இண்டிகேட்டர் இடப்பக்கம். வண்டி மாற்றியவர்கள் முதல் வாரம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவது இதனால்தான்.

லீவர் நுனியை ஒரு கட்டம் திருப்பினால் பார்க்கிங் லைட், இரண்டாம் கட்டத்தில் ஹெட்லைட். லீவரை முன்னால் தள்ளினால் ஹை பீம், டேஷ்போர்டில் நீல விளக்கு வரும். உங்கள் பக்கம் இழுத்துவிட்டால் ஒரு வெட்டு வெட்டி அணையும். நடு வளையம் முன் ஃபாக் (பனிமூட்ட) விளக்குக்கு.

ஃபாக் விளக்குப் படங்கள் இரண்டும் குழப்பும். கதிர்கள் சாய்ந்து இடப்பக்கம் விழுவது முன் ஃபாக், பச்சையாக எரியும். கதிர்கள் நேராக வலப்பக்கம் போவது பின் ஃபாக், மஞ்சளாக எரியும். மார்கழி விடியலில் மணலி பக்கம் பனி இறங்கும்போதும், போகிப் புகையிலும் பின் ஃபாக் உயிர் காக்கும். பனி விலகியதும் அணைத்துவிடுங்கள். அந்தச் சிவப்பு பிரேக் விளக்கு அளவுக்கு வெளிச்சமானது, பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்றே தெரியாது.

டி.ஆர்.எல். (பகலிலும் தானாக எரியும் விளக்கு) எரிகிறதே, மாலையில் தனியாக ஹெட்லைட் போட வேண்டுமா?

வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் டி.ஆர்.எல். முன்னால் மட்டும்தான் எரியும், பின்னால் ஒரு விளக்கும் எரியாது. முன்னால் வெளிச்சம் தெரிவதால் ஓட்டுகிறவர் லைட் போட்டதாகவே நினைத்துக்கொள்வார். பின்னால் வரும் டிரெய்லர் ஓட்டுநருக்கு இருட்டில் ஒரு கறுப்புப் பெட்டிதான் தெரியும். சட்டம் சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும், வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும் என்கிறது. பகலில் மழை கொட்டும் நேரமும் அதில் சேர்த்தி.

எண்ணூர் விரைவுச்சாலையில் ஹை பீம் இல்லாமல் ஓட்ட முடியவில்லை. என்ன செய்வது?

ஓரத்தில் பின்விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லாமல் நிறுத்தியிருக்கும் டிரெய்லர்தான் பயத்துக்குக் காரணம். பயம் நியாயமானது. அதற்கு ஒரு கணக்கு சொல்கிறோம். டிம் (லோ பீம்) வெளிச்சம் சாலையில் ஏறத்தாழ 40 மீட்டர் வரை விழும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி, அதில் 17 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 37. டிம் வெளிச்சத்துக்கு 60-தான் மேல்வரம்பு, ஈரச் சாலையில் அதுவும் கிடையாது. கன்டெய்னர் நிற்கும் சாலையில் இரவில் 45, 50 என்று ஓட்டுங்கள். எதிரே யாரும் இல்லாதபோது ஹை பீம் போட்டு, எதிர்விளக்கு தெரிந்ததும் டிம்முக்கு வாருங்கள். முன்னால் போகும் வண்டியின் பின்னால் போகும்போதும் டிம்தான்.

எதிரே வருபவர் டிம் செய்யாவிட்டால் பதிலுக்கு ஹை பீம் அடிக்காதீர்கள், இரண்டு பேருக்கும் கண் இருண்டுவிடும். பார்வையைச் சாலையின் இட ஓரக் கோட்டுக்குத் திருப்பி வேகத்தைக் குறையுங்கள். பின்னால் வரும் லாரி வெளிச்சம் உறுத்தினால், உள்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சின்ன நாக்கை உங்கள் பக்கம் இழுங்கள். வெளிச்சம் மங்கிவிடும்.

டிம்மில் ஓட்டினாலும் எதிரே வருபவர்கள் லைட் அடித்துத் திட்டுகிறார்கள். ஏன்?

ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சக்கரம் இருக்கிறதா பாருங்கள். 0-வில் வெளிச்சம் உயரத்தில் விழும், எண் கூடக் கூட இறங்கும். தனியாக ஓட்டும்போது 0 சரி. பின்சீட் நிறைய ஆளும் டிக்கி நிறைய மூட்டையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்விளக்கு வானத்தைப் பார்க்கும், அப்போது 2 அல்லது 3 வையுங்கள். பலர் இந்தச் சக்கரத்தை வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை.

எண் சரியாக இருந்தும் கண் கூசினால், கடையில் மாற்றிய எல்.இ.டி. பல்ப்தான் காரணம். சாதாரண ஹெட்லைட் கிண்ணம், ஹாலோஜன் இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை மனதில் வைத்து வளைக்கப்பட்டது. எல்.இ.டி. சில்லு அந்தப் புள்ளியில் உட்காராததால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். உங்களுக்குப் பளிச்சென்று தோன்றும், ஆனால் தூரத்தில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது.

அப்படியானால் 100/90 வாட் ஹாலோஜன் போடலாமா?

கூடாது. எச்4 பல்பின் சரியான அளவு 60/55 வாட். வயரும் ஹோல்டரும் அதற்குத்தான் கணக்கிடப்பட்டவை. கூடுதல் வாட்டில் ஹோல்டர் பழுப்பாகி உருகும், கிண்ணத்தின் பளபளப்பு உரியும்.

வெளிச்சம் குறைந்துவிட்டதென்றால் பல்பைவிட ஹெட்லைட் கண்ணாடியை முதலில் பாருங்கள். வெயிலில் அதன் மேல்பூச்சு மஞ்சளாகியிருக்கும். 1000, 2000, 3000 நம்பர் நீர்த்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கோட் அடிக்காத கடையில் வேலை மலிவாக முடியும், சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும்.

எச்4 பல்பை நானே மாற்றலாமா?

தாராளமாக. லைட்டை அணைத்து, பல்ப் ஆறும்வரை பொறுங்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று முனைக் கனெக்டரை நேராகப் பின்னோக்கி இழுங்கள். உப்பு ஏறிய வண்டிகளில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்ல இடவலமாக அசைத்து எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்து ரப்பர் மூடி, பிறகு கம்பி கிளிப்பை அமுக்கி ஒருபக்கம் தள்ளினால் பல்ப் கையில் வரும்.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி பல்ப் சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். பல்பின் மூன்று காதுகள் ஒரே ஒரு திசையில்தான் உட்காரும், திணிக்காதீர்கள். ரப்பர் மூடியில் ‘மேல்’ என்ற குறி மேலே இருக்கட்டும். அது சரியாக உட்காராவிட்டால் அடுத்த மழையில் விளக்குக்குள் தண்ணீர் நிற்கும்.

இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது.

அந்தப் பக்கம் ஒரு பல்ப் போய்விட்டது. ஹசார்டைப் (நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்கும் பட்டன்) போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வாருங்கள், எரியாத 21 வாட் பல்ப் எது என்று தெரிந்துவிடும்.

இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. பிரேக் அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. என்ன மாயம்?

எர்த் கோளாறு. காசிமேடு, எண்ணூர் கடலோரத் தெருக்களில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். பல்புக்கு வந்த மின்சாரம் பாடி உலோகத்தின் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் இடத்தில், அதாவது பின்விளக்கின் கறுப்பு வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தில், உப்பு அரித்துவிட்டால் வழி அடைபடும். மின்சாரம் சும்மா நிற்காது, பக்கத்து பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு எர்த்துக்கு ஓடும். அதனால்தான் சம்பந்தமில்லாத விளக்கு மினுக்குகிறது.

பல்பையும் ஃபியூஸையும் மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். டிக்கியின் உள்பக்கத் துணியை விலக்கி, கறுப்பு வயரைத் தொடர்ந்து போய் அந்த போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். கழற்றினால் வளையத்திலும் அடியிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள். பல்ப் ஹோல்டரின் தகட்டையும் அப்படியே. எலக்ட்ரீஷியனிடம் போனால், “அண்ணே, முதல்ல எர்த் பாயிண்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாருங்க” என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நேராகப் போகும்போது நாலு இண்டிகேட்டரும் போடலாமா? மழையில்?

இரண்டும் தவறு. ஹசார்ட் நின்றுபோன வண்டிக்கானது. அதைப் போட்டபடி ஓடினால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று யாருக்கும் தெரியாது. குறுக்கே வருபவருக்கு வண்டியின் ஒரு பக்கம் மட்டுமே தெரிவதால், நீங்கள் அவர் பக்கம் திரும்பப் போவதாக நினைப்பார். மழையில் டிம் ஹெட்லைட் போதும்.

பகலில் ஆடியோ திரையும் மீட்டரும் மங்கிப்போகின்றன. டிஸ்பிளே போய்விட்டதா?

பார்க்கிங் லைட் எரிகிறதா பாருங்கள். விளக்குப் போட்டால் இரவு என்று நினைத்துக்கொண்டு திரை தானாக மங்கும். இல்லையென்றால் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அல்லது பட்டன் குறைந்த அளவில் நிற்கிறது. சீட்டைத் துடைக்கும்போது கை பட்டு மாறியிருக்கும்.

கண்ணாடி மூட்டமும் ஏ.சி.யும்

மழையில் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்கிறது.

உள்ளே மூடினால்: ஏ.சி. ஆன், காற்று முன்கண்ணாடிக்கு, வெளிக்காற்று எடுக்கும் நிலை, புளோயர் வேகமாக. ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் ஒரு நிமிடத்தில் தெளியும். உள்சுழற்சியில் வைத்திருந்தால் நாலு பேர் மூச்சு ஈரம் உள்ளேயே சுற்றும்.

வெளியே மூடினால் முறை தலைகீழ். கடலோர விடியற்காலையில் காற்று ஈரமாகவும் கண்ணாடி ஏ.சி.யால் சில்லென்றும் இருப்பதால் பனி வெளிப்புறம் படிகிறது. வைப்பரை ஒரு வீச்சு விட்டு, ஏ.சி. குளிரைக் குறைத்து, காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். எந்தப் பக்கம் என்று தெரிய உள்ளே விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

மணலி தாண்டும்போதும் கொடுங்கையூர் பக்கமும் வாடை உள்ளே வருகிறது.

அந்த நீளத்துக்கு மட்டும் வளைந்த அம்புக்குறி போட்ட உள்சுழற்சி பட்டனை அழுத்துங்கள். தாண்டியதும் மாற்றிவிடுங்கள், மணிக்கணக்கில் விட்டால் கரியமில வாயு கூடித் தூக்கம் வரும். கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்ட்டரையும் பாருங்கள். லாரித் தூசி நிறைந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டரில் அது கறுத்துவிடும். புதியதில் உள்ள அம்புக்குறி காற்றோட்டத் திசைப்படி இருக்க வேண்டும்.

புளோயர் முழு வேகத்தில் மட்டும் வேலை செய்து 1, 2, 3-இல் நின்றுவிட்டால் போனது வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். மோட்டாரை மாற்றச் சொன்னால் வேறு இடத்தில் கேளுங்கள்.

ஆடியோ

எஃப்.எம்.மில் 93.5-உம் 98.3-உம் எடுக்கிறது. 101.4-உம் 106.4-உம் வரவே மாட்டேன் என்கிறது.

ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். செட்டில் பிரதேச அமைப்பு அமெரிக்கா என்று இருக்கிறது. அங்கே அலைவரிசைகள் 0.2 இடைவெளியில், ஒற்றைப்படைத் தசமத்தில் மட்டும் வரும்: 93.3, 93.5, 93.7. அதனால் சூரியனும் மிர்ச்சியும் எடுக்கும், ரெயின்போவும் ஹலோவும் எடுக்காது. செட்டிங்ஸில் ரேடியோ பகுதிக்குப் போய் ஆசியா, ஐரோப்பா அல்லது இந்தியா என்று மாற்றி, மறுபடி தானியங்கித் தேடலை ஓட்டுங்கள்.

எல்லா நிலையமும் இரைந்தால் ஆன்டெனா கம்பியை அடிவரை திருகுங்கள், கார் கழுவும் இடத்தில் கழற்றியிருப்பார்கள். அடுத்து போன் சார்ஜர், டேஷ் கேமரா இரண்டையும் பிடுங்கிப் பாருங்கள். மலிவு சார்ஜர் எஃப்.எம். அலையைக் கெடுக்கும்.

புது செட் மாட்டினேன். வண்டியை அணைக்கும்போதெல்லாம் நேரமும் நிலையங்களும் அழிந்துவிடுகின்றன.

மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் மாறியிருக்கின்றன. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வர வேண்டியது, நினைவு அதில்தான் நிற்கும். சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்ட ஜோடி மைனஸ். அந்த மைனஸை பாடியில் எர்த் செய்தால் செட்டின் ஆம்ப் போய்விடும்.

புளூடூத்தில் போன் பேச முடிகிறது, பாட்டு வரவில்லை.

போனின் புளூடூத் பட்டியலில் கார் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் தொடுங்கள். அழைப்புகள், மீடியா ஆடியோ என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். மீடியா அணைந்திருக்கும். சத்தம் மட்டும் குறைவு என்றால் போனின் மீடியா ஒலியளவையும் கூட்டுங்கள்.

இணையவே மறுத்தால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும்: போனில் காரை, காரில் போனை. வீட்டில் நாலு பேர் போனும் சேர்ந்து செட்டின் பட்டியல் நிரம்பியிருந்தாலும் புதியதை ஏற்காது. ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி துண்டித்தால் முதல் சந்தேகம் கேபிள்தான். பல கேபிள்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாது. வண்டியில் இரண்டு யூ.எஸ்.பி. துளை இருந்தால் ஒன்று சார்ஜுக்கு மட்டும் இருக்கலாம்.

பென் டிரைவில் பாட்டு வரிசை மாறுகிறது, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.

பல செட்கள் பாட்டுகளை அகரவரிசையில் எடுக்காமல், நீங்கள் நகலெடுத்த வரிசையிலேயே எடுக்கும். எல்லாவற்றையும் அழித்து, 01, 02 என்று எண்ணிட்டு, ஒவ்வொன்றாக வரிசையாக நகலெடுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத செட்டில் கட்டம்தான் வரும். கோப்பின் பெயரை மாற்றினால் போதாது, உள்ளே இருக்கும் பாட்டுத் தலைப்பையும் மாற்ற வேண்டும். டிரைவ் எடுக்கவே இல்லை என்றால் அதை ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

வேகம் கூடினால் பாட்டுச் சத்தமும் தானாகக் கூடுகிறது.

வேகத்துக்கேற்ற ஒலி என்ற வசதி. ஒலி அமைப்பில் அணைத்துவிடலாம்.

ஃபியூஸ், பேட்டரி, தண்ணீர்

சார்ஜர் துளை செத்துவிட்டது. எங்கே பார்ப்பது?

துளைக்குள் நாணயம் விழுந்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஓட்டுநர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கம் படமும், உள்ளே பிளாஸ்டிக் இடுக்கியும் இருக்கும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன இடத்தில் அதே நிறம்தான் போட வேண்டும். பெரிய ஃபியூஸோ வயர்த் துண்டோ வைத்தால் அடுத்து எரிவது டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர், அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்.

இன்ஜினை அணைத்துவிட்டு எவ்வளவு நேரம் பாட்டு கேட்கலாம்?

சாவியை ‘ஏ.சி.சி.’ நிலையில் வைத்து, அளவான சத்தத்தில் அரை மணி நேரம் கேட்டால் நல்ல பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. ஹெட்லைட்டை மறந்துவிட்டால்தான் வினை. இரண்டு 55 வாட் பல்பும் பின்விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும், 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. மல்டிமீட்டரில் ஓய்வில் 12.6 வோல்ட் நிறைவு, 12.2 பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

பேட்டரி இறங்கிவிட்டால், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடும் வரிசை: சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸில்; அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில்; கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்; அதன் மறுமுனை இறங்கிய வண்டியின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசையில்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது.

செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீர் சீட் உயரத்துக்கு வருவதற்குள் ஜன்னல்களை இறக்கிவிட்டு, சாவியை அணைத்து, வண்டியைத் தள்ளியோ டோ செய்தோ வெளியே எடுங்கள். மேட்டுக்கு வந்த பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். இன்ஜினைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்ட்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் செல்ஃப்.

தண்ணீர் கார்பெட்வரை ஏறியிருந்தால் சீட்டுக்கடியில் இருக்கும் கனெக்டர்களைக் காய வைத்துத் துடைக்க வேண்டும். சில வண்டிகளில் கண்ட்ரோல் யூனிட்டே அங்கே, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் மெல்லிய மூட்டம் மட்டும் என்றால் விளக்கை அரை மணி எரியவிட்டால் போய்விடும். குட்டையாகத் தண்ணீர் நின்றால் விளக்கைக் கழற்றிக் கவிழ்த்து வடித்து, ரப்பர் மூடியையும் காற்றுக்குழாயையும் சரிபார்த்து மாட்டுங்கள். பேட்டரியை மறுபடி இணைத்ததும் ஜன்னலின் தானியங்கி வேலை நின்றுபோயிருக்கும். கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்சை மேலே இழுத்தபடி சில விநாடி பிடித்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் பழையபடி வேலை செய்யும்.